சுவரில் மோதாத குற்றம்

வாகன உதிரிப்பாக உற்பத்தி வெளிநாட்டுக்கு ஓடிப் போகாமல் பிடித்து வைப்பதற்கென்றே ஒரு சபை இருந்தது. சபை பிடித்த பிடியில் ஓடாமல் நின்ற தொழில் இதுவரை ஒன்றுமில்லை. கண்ணாடி செய்தவன் ஓடினான். ரேடியேட்டர் செய்தவன் ஓடினான். சைலன்சர் செய்தவன் செய்த சைலன்சரையும் விட்டுவிட்டு ஓடினான். அதற்காகச் சபை சோர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஓடியவர்களை விட்டுவிட்டு, இன்னும் ஓடாமல் இருப்பவர்களைத் தேடிக்கொண்டு அது பரந்தனுக்கு வந்தது.

பரந்தனில் முபாறக்கும் அவனுடைய மனைவி பரீனாவும் பிரேக் லைனர் பட்டறை நடத்தினார்கள். பட்டறை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம், அது பழைய பேக்கரி. வாகன இறக்குமதி நின்றுபோன காலத்தில் வன்னியில் ஓடிய கிழட்டு வான்களெல்லாம் இன்னும் கிழடாகி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் அடுத்தவன் வேலிக்குள் போய் நிற்கத் தொடங்கின. அந்த நேரம் பார்த்துத்தான் கட்டாரில் பிரெஸ் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்த முபாறக் ஊருக்குத் திரும்பி வந்தான். பாண் சுட்ட போறணையில் லைனர் சுட்டான். மா பிசைந்த மேசையில் பரீனா றப்பர் தூளும் இரும்புத் தூளும் பசையும் போட்டுப் பிசைந்தாள். அவளுக்குக் கைகொடுக்க சுமித்திரா என்ற பெண் வேலைக்கு வந்தாள். 'பரந்தன் பாண்' என்று டிரைவர்மார் அந்த லைனருக்குப் பகிடியாகப் பெயர் வைத்தார்கள். பகிடி பகிடிதான், ஆனால் மிதித்தால் வான் நின்றது.

லைனர்களைக் கொழும்புக் கம்பனி ஒன்று வாங்கியது. லைனரை அழுத்தி வார்க்கிற பிரெஸ் இயந்திரங்களும் அந்தக் கம்பனியுடையவைதான். ஒரு நாள் கம்பனியின் ஆள் ஜனகன் வந்து, சபையின் தரச் சான்றிதழ் இல்லாவிட்டால் இயந்திரங்களைக் கப்பலில் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னான். சபை பரிசோதனை செய்ய வந்த அன்று, அவன் ஒரு பெரிய கொள்கலன் லொறியோடு வந்து வீதியோரத்தில் நின்றான்.

"சேட்டிபிக்கட் கிடைச்சா வெறும் லொறியோட திரும்புவன் ராத்தா. கிடைக்காட்டி பிரெஸ்ஸை ஏத்துவன். எனக்கு ரெண்டும் ஒண்டுதான், டீசல் அடிச்சாச்சு" என்று பரீனாவிடம் சொன்னான்.

பரீனாவுக்கு ரெண்டும் ஒன்றல்ல. பிரெஸ் போனால் முபாறக்கும் போய்விடுவான். அந்த மனிசனுக்கு வேறு தொழில் தெரியாது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவனோடு இருந்ததைவிட அவன் முகம் தெரிகிற போனோடு இருந்ததுதான் அதிகம். பெருநாளைக்குப் போனைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு அதற்கு முன்னால் இருந்து புரியாணி தின்றவள் அவள். இந்தப் பட்டறை வந்த பிறகுதான் புருசன் ஒருவன் வீட்டில் குறட்டை விடுவதையே கேட்டாள். அல்லாஹ்வே, இந்த மனிசன் இனி எங்கேயும் போகக் கூடாது என்பது மட்டும்தான் அவளுடைய துஆ.

பரிசோதனைக்காகச் சபை குளக்கட்டுச் சரிவின் அடியில் ஒரு சுவர் கட்டியிருந்தது. மாவட்டத்தில் சபை கட்டிய முதலாவது கட்டடம் அந்தச் சுவர்தான். அதற்கு அடிக்கல் நாட்டினார்கள், நாடா வெட்டினார்கள், பணிப்பாளர் கனகலிங்கத்தின் பெயர் பொறித்த கல்வெட்டும் பதித்தார்கள். குளக்கட்டில் இருந்து வானைத் தள்ளிவிடுவது, சுவரை நோக்கி வரும் வானைப் பிரேக் எப்படிக் கையாள்கிறது என்று பார்ப்பது, இதுதான் பரிசோதனை. சுவருக்கு வலப்பக்கம் பந்தல் போட்ட மேடை. இடப்பக்கம் அறுவடை முடிந்த வெறும் வயல்.

குத்துவிளக்கு ஏற்றி, வானின் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்த பிறகு, பணிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அன்பார்ந்த பெருமக்களே! உற்பத்தி ஏன் வெளிநாடு போகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடி நாங்களும் வெளிநாடு போனோம். குடும்பத்தோடு போனோம். உற்பத்தி போன இடமெல்லாம் போய்ப் பார்த்தோம். அருமையான இடங்கள்! நான் உற்பத்தியாகப் பிறந்திருந்தால் நானும் அங்கேதான் போயிருப்பேன்." கைதட்டல் எழுந்தது. "ஆனால் மனம் தளரக் கூடாது. உள்ளூர்ப் பொருளுக்குத் தரம் வேண்டும். தரம் என்றால் அடி தாங்குவது. ஆகவே நாங்கள் அடிப்போம். தாங்காதவன் வெளியேறட்டும்! தாங்குபவனை மறுபடியும் அடிப்போம்!"

பேச்சில் சொன்னதைச் செய்து காட்டிய அதிகாரி என்ற பெருமை அவருக்கு உண்டு. முதல் பரிசோதனை சம்மட்டிப் பரிசோதனை. பரந்தன் லைனர் ஒன்றை இரும்புக் கட்டையில் வைத்தார்கள். பணிப்பாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, படம் பிடிப்பவன் தயார் என்றதும், சம்மட்டியை ஓங்கி இறக்கினார். லைனர் அசையவில்லை. சம்மட்டியின் தலை பிடியில் இருந்து கழன்று பறந்து போய், பக்கத்தில் நின்ற தொழில்நுட்ப அலுவலர் யோகநாதனின் முழங்காலில் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் ஒலிவாங்கியிலும் கேட்டது. யோகநாதன் தாயைக் கூப்பிட்டுக்கொண்டு நிலத்தில் உருண்டார்.

"பதியுங்கோ" என்றார் பணிப்பாளர், மூச்சு வாங்கியபடி. "உள்ளூர் லைனர் அரச அலுவலரைத் தாக்கியது."

"லைனர் இஞ்சதானே சேர் கிடக்குது. பறந்தது உங்கட சம்மட்டியெல்லோ?" என்றாள் பரீனா.

"தங்கச்சி, சம்மட்டி எங்கட. அதைப் பற்றி நாங்கள் பதியிறேல்லை."

இரண்டாவது பரிசோதனைக்கு முபாறக் வானில் ஏறினான். அவனுக்குப் பயம் இல்லை. தன் கையால் சுட்ட லைனர், தன் கையால் பூட்டியது. குளக்கட்டில் இருந்து சபை ஊழியர்கள் தள்ளிவிட்டார்கள். வான் சரிவில் வேகம் பிடித்து, புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. முபாறக் மிதித்தான். சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது வான் நின்றது. வேடிக்கை பார்க்க வந்த சனம் விசிலடித்தது. பரீனா சுமித்திராவைக் கட்டிப்பிடித்தாள்.

மேடையில் ஒருவரும் கைதட்டவில்லை. பணிப்பாளர் இறங்கி வந்து, வானுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த அந்த வெளியைக் குனிந்து பார்த்தார்.

"மோதல் எங்க?"

"மோதேல்லை சேர். நிண்டிட்டுது."

"ஆர் நிப்பாட்டச் சொன்னது?"

"பிரேக் சேர்…" என்று முபாறக் தலையைச் சொறிந்தான்.

"தம்பி, இது மோதல் பரிசோதனை. மோதல் நடக்காத மோதல் பரிசோதனை செல்லாது. நீர் மோதினாத்தானே பிரேக் உம்மை எவ்வளவு காப்பாத்தினது எண்டு நாங்கள் அளக்கலாம்? மோதாட்டி நாங்கள் எதை அளக்கிறது? உம்மட தலையையோ?"

வானில் நெல் மூட்டைகளை அடுக்கி, இன்னும் ஆட்களைச் சேர்த்து, இன்னும் மேலே இருந்து தள்ளினார்கள். முபாறக் மிதித்தான். வான் மறுபடியும் நின்றது, ஆனால் நெல் மூட்டைகள் நிற்கவில்லை. பின்னால் இருந்து வந்த மூட்டை ஒன்று அவன் பிடரியில் இடித்து, முகத்தை ஸ்டியரிங்கில் அடித்தது. மூக்கு உடைந்து சேர்ட் முழுக்க இரத்தம். பணிப்பாளர் ஓடி வந்தார். முபாறக்கைத் தாண்டிப் போய்ச் சுவரைத் தடவினார்.

"ஒரு கீறல் இல்லை" என்றார். அவருடைய குரல் தழுதழுத்தது. "சனத்தின்ர காசில கட்டின சுவர். ஒரு கீறல் கூட இல்லை."

பரீனா முந்தானையால் புருசனின் மூக்கைப் பொத்தினாள். "இஞ்சேருங்கோ, அடுத்த தரம் கொஞ்சம் விட்டு மிதியுங்கோவன். மெல்லமா ஒரு இடி இடிச்சா இந்தப் பேயன்கள் எழுதித் தந்திட்டுப் போயிடுவாங்கள்."

"ஏலாதடி. பிரேக் இருக்கேக்க மிதிக்காம விட எனக்குக் கால் வராது."

அதுதான் அவன் செய்த பிழை. பிரேக் பரிசோதனை என்றால் வானை நிறுத்திக் காட்ட வேண்டும் என்று அந்த அப்பாவி நினைத்திருந்தான்.

உள்ளூர்ப் பொருள் செல்லுபடியான முடிவு எதுவும் தராததால், விதிப்படி வெளிநாட்டுப் பொருளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று சபை தீர்மானித்தது. வெளிநாட்டுச் சுற்றுப்பயணத்தில் பணிப்பாளருக்கு அன்பளிப்பாகக் கிடைத்த லைனர்கள் தங்க நிறப் பெட்டியில் இருந்து வெளியே வந்தன. அவற்றைப் பூட்டி, யாரும் கை வைக்காதபடி நான்கு சில்லுகளிலும் அரக்கு முத்திரை குத்தினார்கள். ஒப்பீடு நேர்மையாக இருக்க வேண்டுமாம், அதனால் ஓட்டுபவனும் அதே ஆளாக இருக்க வேண்டுமாம்.

முபாறக் ஏறினான். லொறியைப் பார்த்தான், பரீனாவைப் பார்த்தான், ஏறினான். பரீனா வேண்டாம் என்று கத்தியது தள்ளியவர்களின் 'ஏலேலோ'வில் அமுங்கிப் போயிற்று. வான் வந்தது. முபாறக் மிதித்தான். மிதித்தது அவனுடைய கழுத்து நரம்பு புடைத்ததில் தெரிந்தது என்று பிறகு சனம் சொன்னது. வானுக்கு ஒன்றும் தெரியவில்லை. அது போன வேகத்தில் போய்ச் சுவரில் விழுந்தது. முன்கண்ணாடி தூள் தூளாய்ச் சிதறியது. முபாறக்கின் வலது கை கதவுக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையில் அகப்பட்டு இரண்டாக மடிந்தது. இடது தோள் மூட்டு விலகியது. முன்பற்கள் டாஷ்போர்டில் கிடந்தன. கல்வெட்டில் பணிப்பாளரின் பெயர் நடுவால் பிளந்திருந்தது.

மேடை எழுந்து நின்று கைதட்டியது.

"பாத்தியளோ!" பணிப்பாளர் கண்ணைத் துடைத்தார். "இதுதான் சர்வதேசத் தரம். சொன்ன இடத்தில, சொன்ன நேரத்தில மோதுது. ஒரு தடுமாற்றம் இருந்ததோ?"

பரீனா கண்ணாடித் துண்டுகளை மிதித்துக்கொண்டு ஓடிப் போய்க் கதவைப் பிடுங்கினாள். "நாசமாப் போவாங்களே! ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோடா என்ர மனிசனை!" அம்புலன்சில் யோகநாதன் படுத்திருந்தார். அது அலுவலர்களுக்குரியது, உற்பத்தியாளர்களுக்குரியது அல்ல என்று விளக்கம் சொன்னார்கள். கடைசியில் ஊர்ப் பெடியங்கள் முபாறக்கை உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோலைப் போட்டுப் படுக்க வைத்தார்கள். அவளும் ஏறக் கால் தூக்கினாள். அப்போதுதான் சுமித்திராவின் குரல் கேட்டது.

"ராத்தா! என்னைய ஏன் கட்டுறாங்க ராத்தா?"

நடந்தது இதுதான். கடைசிப் பரிசோதனை பாதசாரிப் பரிசோதனை. பிரேக்கின் பயன் வாகனத்தில் இருப்பவனுக்கா, வாகனத்துக்கு முன்னால் நிற்பவனுக்கா என்று கேட்டுவிட்டு, முன்னால் நிற்பவனுக்குத்தான் என்று பணிப்பாளரே விடையும் சொன்னார். ஆகவே முன்னால் ஒருவர் நிற்க வேண்டும். அவர் உதவிப் பணிப்பாளரைப் பார்த்தார். உதவிப் பணிப்பாளர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கணக்காளரையும், கணக்காளர் எழுதுவினைஞரையும், எழுதுவினைஞர் காரியாலய உதவியாளரையும் பார்த்தார்கள். உதவியாளர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், பாவம், அவருக்குக் கீழே சபையில் ஆளில்லை. அந்த நேரம் தேநீர்த் தட்டோடு சுமித்திரா வந்தாள். பாதசாரி ஓடிவிட்டால் பரிசோதனை செல்லாது என்பதற்காக, சுவரடியில் ஒரு கட்டை நட்டு, பந்தல் கட்டி மிஞ்சிய நைலோன் கயிற்றால் அவளை இறுக்கிக் கட்டினார்கள். தட்டை மட்டும் வாங்கி வைத்துவிட்டார்கள், தேநீர் சிந்தக் கூடாதே.

"அவளை அவிழுங்கோ!" என்று பரீனா கத்தினாள். "இல்லாட்டி எங்கட லைனரைத் திரும்பப் பூட்டுங்கோ!"

"முத்திரை குத்தின சில்லைக் கழட்ட ஏலாது, தங்கச்சி. சட்டம்."

"அவள் செத்துப் போவாள் சேர்!"

"அதைத்தானே பரிசோதிக்கப் போறம். முடிவை முன்கூட்டியே சொன்னா அது விஞ்ஞானம் இல்லை."

முகம் நசுங்கிய வானைக் கயிறு கட்டிக் குளக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். சபையின் டிரைவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு அதில் ஏறினான். அவன் எங்கே இடிப்பான் என்பது அவனுக்கே தெரியாது. பரீனா குளக்கட்டில் ஓடி ஏறி, அவனைச் சட்டைக் கொலரில் பிடித்துக் கீழே இழுத்துப் போட்டாள். அவன் விழுந்த இடத்தில் அவனுடைய வாயில் ஒரு குத்தும் விட்டாள். வெற்றிலையா இரத்தமா என்று தெரியாமல் அவன் துப்பினான். தான் பிடித்தால் திருப்பியாவது விடலாம் என்று அவள் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பட்டறை வான்களை ஓட்டிப் பழகிய கை அது. கீழே மேடையில் ஒலிவாங்கியோடு நின்ற பணிப்பாளர், ஒரே குடும்பம்தானே, ஓட்டட்டும் என்று அனுமதி கொடுத்தார்.

"தள்ளாதேங்கோ! நான் சொல்லாம ஒருத்தரும் தள்ளாதேங்கோ!"

தள்ளிவிட்டார்கள்.

பரீனா பிரேக்கை மிதித்தாள். கால் நிலம் வரை போனது. ஹாண்ட் பிரேக்கை இழுத்தாள், அது கையோடு வந்தது. சுமித்திராவின் திறந்த வாய் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பத்தான் வேண்டும். இடப்பக்கம் வயல், வெறும் வைக்கோலும் கொக்குகளும். வலப்பக்கம் மேடை. பரீனா வயலைப் பார்த்தாள். பிறகு, உழவு இயந்திரப் பெட்டியில் கிடக்கும் புருசனின் மடிந்த கையை நினைத்தாள். வலப்பக்கம் ஒடித்தாள்.

வான் மேடையைக் கீழே இருந்து தூக்கியது. குத்துவிளக்கு பறந்து போய்ச் செயலாளரின் தலையைப் பிளந்தது. கதிரைகள் நொருங்கின. கணக்காளர் பந்தல் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே போய், கொதிக்கிற தேநீர்க் கிடாரத்துக்குள் இருந்தார். எழுதுவினைஞரின் காதைப் பிறகு வைக்கோலுக்குள் தேடி எடுத்தார்கள். உதவிப் பணிப்பாளரின் விலா எலும்புகள் ஒவ்வொன்றாக முறிந்தன, அவர் ஒவ்வொன்றுக்கும் ஐயோ என்றார். பணிப்பாளர் கனகலிங்கத்தின் இரண்டு கால்களும் முன்சில்லுக்குக் கீழே இருந்தன. மேல்பாகம் ஒலிவாங்கியை விடவில்லை. "அடுத்த நிகழ்வாக…" என்று அது சொல்லிக்கொண்டிருந்தது.

பரீனா நெற்றி பிளந்து, கண்ணுக்குள் இரத்தம் வடிய இறங்கினாள். ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே சுமித்திராவிடம் போய்க் கயிற்றுமுடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். இருவரும் அந்தச் சுவரில் சாய்ந்து இருந்து குழறி அழுதார்கள்.

பொலிஸ் வந்து அவளைக் கொண்டு போனது. ஆனால் அன்று பின்னேரமே விட்டுவிட்டது. சபைக்குப் பெரிய சிக்கல். பிரேக் பிடிக்கவில்லை என்றால் தங்கப் பெட்டி லைனர் கூடாது என்றாகிவிடும். அவள் வேண்டுமென்று இடித்தாள் என்றால் பரிசோதனையே பிழை என்றாகிவிடும். ஆகவே, எழும்பி உட்காரக் கூடிய அலுவலர்களைக் கொண்டு விசாரணைக் குழு ஒன்று அமைத்து, வான் சரியான பாதையில் வந்துகொண்டிருந்தபோது மேடை குறுக்கே புகுந்தது என்று கண்டுபிடித்தார்கள். மோதல் முழுமையாக நடந்ததால் பரிசோதனை வெற்றி. அந்த நேரம் சில்லில் இருந்தது எந்த லைனரோ அதற்குச் சான்றிதழ், அதாவது தங்கப் பெட்டி லைனருக்கு. ஜனகனின் லொறியில் பிரெஸ்களை ஏற்றினார்கள்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் முபாறக்குக்குப் பக்கத்துக் கட்டில் பணிப்பாளருக்குக் கிடைத்தது. இரண்டு கால்களையும் கயிறு போட்டு, பாரம் கட்டி, மேலே தூக்கி வைத்திருந்தார்கள். ஜனகன் தோடம்பழம் வாங்கிக்கொண்டு வந்தான். பரீனா புருசனுக்குக் கரண்டியால் கஞ்சி தீத்திக்கொண்டிருந்தாள்.

"நானா, ஒரு நல்ல சேதி" என்றான் ஜனகன். "பிரெஸ் போற இடத்தில அதை ஓட்டத் தெரிஞ்ச ஆள் இல்லை. கம்பனி உங்களைக் கேக்குது. கை சுகமானதும் போகலாம்."

முபாறக் பல்லில்லாத வாயில் இருந்த கஞ்சியை விழுங்கினான். பரீனாவைப் பார்த்தான். வீட்டில் இருப்பதற்கு இப்போது அவனிடம் பட்டறையும் இல்லை, பிரெஸ்ஸும் இல்லை. அவளுக்கு அது தெரியும்.

"தம்பி, அங்க இப்பிடி ஒரு சபை இருக்கோ?"

"சீச்சீ! அங்க ஆரும் வந்து எட்டியும் பாக்கிறேல்லை ராத்தா. பிரெஸ்ஸுக்கை கை போனாலும் ஏனெண்டு கேக்க ஆளில்லை. கையைக் கூட்டி அள்ளிப் போட்டிட்டு அடுத்தவனைக் கூப்பிடுவாங்கள். அதாலதானே அங்க மலிவு. அதாலதானே எல்லாரும் அங்க போகினம்."

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பணிப்பாளர் சந்தோசம் தாங்காமல் கைதட்டினார். "அருமை! உற்பத்தியோட சேர்த்து உற்பத்தியாளரையும் ஏற்றுமதி செய்யிற முதல் மாவட்டம் இதுதான்! தம்பி, உமக்கு விமானநிலையத்தில சபை மாலை போடும்."

பரீனா கஞ்சிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். எழும்பிப் போனாள். பணிப்பாளரின் கால் தொங்கிய கயிற்றின் முடிச்சை அவிழ்த்து, கையை எடுத்தாள். இரண்டு கால்களும் பாரத்தோடு சேர்ந்து கட்டில் சட்டத்தில் விழுந்தன. அந்த அலறலில் வாட்டு முழுக்க எழும்பி உட்கார்ந்தது. நேர்ஸ்மார் செருப்புச் சத்தத்தோடு ஓடி வந்தார்கள்.

அவள் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து கோப்பையை எடுத்தாள். முபாறக் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாயைத் திறவுங்கோ" என்றாள். ஒரு கரண்டி கஞ்சி தீத்தினாள். பிறகு இன்னொரு கரண்டி.

"போறதுக்கு முதல் ஸ்டூடியோவுக்கு ஒருக்காப் போவம்" என்றாள். "ரெண்டு கையும் தெரியிற மாதிரி ஒரு படம் எடுத்து வைக்கோணும்."